மாலத்தீவு மந்திரியும் எங்கள் அந்தமானும்

தண்ணீர்த் தொட்டியின் சுவர் எத்தனை மில்லிமீட்டர் தடிமன் என்று பார்ப்பது என் வேலை. தேர்வாய் கண்டிகையில் எங்கள் தொழிற்சாலை பிளாஸ்டிக் தொட்டிகள் செய்கிறது. அச்சிலிருந்து வெளியே வந்த தொட்டி ஆறியதும், கையடக்கமான ஒரு கருவியை அதன் வயிற்றில் வைத்து அழுத்துவேன். எண் வரும், எழுதுவேன். ஒரு தொட்டிக்குப் பன்னிரண்டு இடம். பாலிடெக்னிக்கில் மூன்று வருடம் படித்தது இதற்குத்தானா என்று முதல் மாதம் தோன்றியது. இரண்டாம் மாதம் மாலத்தீவு வந்தது.

வந்தது என்றால், ஸ்டிக்கராக வந்தது. தொட்டியின் மேல் ஒட்டுவதற்காக ஒரு சுருள் ஸ்டிக்கரைக் கொடுத்தார்கள். சேருமிடம் மாலே என்று ஆங்கிலத்தில் இருந்தது. அதற்குக் கீழே நான் பார்த்தே இராத ஒரு எழுத்து, வலமிருந்து இடமாக, மேலும் கீழும் சின்னச் சின்னக் கோடுகளோடு. அன்று மாலை ஊத்துக்கோட்டைக்குத் திரும்பும் கம்பெனி பஸ்ஸில் போனை எடுத்துத் தேட ஆரம்பித்தேன். பஸ்ஸில் எல்லோரும் தூங்குவார்கள். எனக்குத் தூக்கம் வராது. கையில் ஒரு கேள்வி இருந்தால் கேட்கவே வேண்டாம்.

அந்த எழுத்தைத் தேடப் போய் ஒரு மனிதரிடம் போய் நின்றேன். மாலத்தீவைச் சேர்ந்தவர். எழுத்தாளர், அரசாங்கத்தில் பெரிய பதவிகளில் இருந்தவர். அவர் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் ஆளாளுக்குத் தேடிப் படித்து ஒரே ராத்திரியில் என்னைவிட அதிகம் தெரிந்துகொண்டு வந்துவிடுவீர்கள். அவரைக் கொஞ்ச நாள் என்னிடமே வைத்துக்கொள்கிறேன்.

அவரைப் பற்றிக் கிடைத்தது ஒரே ஒரு ஆங்கிலப் பக்கம். அதைப் பத்துத் தடவை படித்தேன். கவிதை எழுதியிருக்கிறார், கதை எழுதியிருக்கிறார், வழக்குகளுக்குத் தீர்ப்புச் சொல்லியிருக்கிறார், மந்திரியாக இருந்திருக்கிறார். ஒருவரே இத்தனையுமா! எங்கள் ஊரில் ஒருவர் டிரைவர் என்றால் டிரைவர், அவ்வளவுதான். பிறகு ஒரு கட்டத்தில் அவர் பதவி போயிருக்கிறது. அந்தக் காலத்தில் அங்கே பெரிய மனிதர்களுக்குத் தண்டனை என்றால் சிறையில் போடுவது குறைவாம். வேறொரு தூரத்துத் தீவுக்கு அனுப்பிவிடுவார்களாம். அவரையும் அனுப்பியிருக்கிறார்கள். அங்கே என்ன செய்தார் என்பதற்கு அந்தப் பக்கத்தில் ஒரே ஒரு வரிதான் இருந்தது: எழுதினார். அப்புறம் திரும்பி வந்தார். மறுபடி பதவி.

அந்த ஒற்றை வரியில்தான் நான் மாட்டிக்கொண்டேன்.

என் அண்ணியும் அதே தொழிற்சாலைதான். அண்ணன் கும்மிடிப்பூண்டியில் வேறு கம்பெனியில், வேறு ஷிப்டில் இருக்கிறான். ஆகவே காலையில் பஸ்ஸுக்கு ஓடுவது, மாலையில் வந்து சமைப்பது எல்லாம் அண்ணியும் நானும்தான். அவளுக்கு அச்சுகளைத் திறந்து தொட்டியை வெளியே எடுக்கும் வேலை. பத்தாவது வரை படித்தவள். ஐந்து வருடமாக கான்ட்ராக்டில் இருந்தாள். கான்ட்ராக்ட் ஆட்களுக்கு அடையாள அட்டை ஆரஞ்சு வாரில் தொங்கும், கம்பெனி ஆட்களுக்கு நீல வாரில். எனக்கு வந்த முதல் நாளே நீலம் கொடுத்துவிட்டார்கள். அண்ணி அதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஆனால் துணி துவைக்கும்போது என் வாரைத் தனியாக எடுத்துச் சோப்புப் போட்டுக் கசக்கிக் காயவைப்பாள்.

அந்த மாதம் எங்கள் லைனுக்கு ஒரு லீடர் வேண்டும் என்று அறிவிப்பு வந்தது. லீடர் ஆகிறவர் கம்பெனி ஆள் ஆகிவிடுவார். ஆகாதவர்களுக்கு, கான்ட்ராக்ட் வருடக் கடைசியோடு முடிகிறது என்பதும் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. இரண்டு பேரைத் தேர்வுக்கு எடுத்தார்கள். ஒருவர் குளிரூட்டும் பகுதியில் வேலை செய்பவர், இன்னொருத்தி என் அண்ணி. வேலை இருவருக்கும் நன்றாகத் தெரியும். ஆகவே தேர்வு என்பது பேச்சுதான்: ஆளுக்கு ஒரு வாரம் ‘டூல்பாக்ஸ்’ நடத்த வேண்டும்.

டூல்பாக்ஸ் என்றால் பெட்டியும் இல்லை, ஸ்பேனரும் இல்லை. ஷிப்ட் தொடங்குவதற்கு முன் நாற்பது பேரும் மஞ்சள் கோட்டுக்குள் வரிசையாக நிற்க, ஒருவர் முன்னால் வந்து ஐந்து நிமிடம் பாதுகாப்பைப் பற்றிப் பேச வேண்டும். பேசி முடித்ததும் எல்லோரும் தாளில் கையெழுத்துப் போடுவார்கள். வழக்கமாக யார் பேசினாலும் ஹெல்மெட் போடுங்கள், கையுறை போடுங்கள். கேட்கிறவர்கள் நின்றபடியே தூங்கிப் பழகியிருந்தார்கள்.

குளிரூட்டும் பகுதிக்காரர் தன் வாரத்தை ஹெல்மெட்டிலேயே தொடங்கி ஹெல்மெட்டிலேயே முடித்துவிட்டார். தவறு ஒன்றும் இல்லை. அடுத்த திங்கள் அண்ணியின் முறை.

“எனக்குப் பேச வராதுடி” என்றாள் ஞாயிற்றுக்கிழமை. “நீ படிச்சவ. ஆறு நாளைக்கும் எழுதிக் குடு, நான் பாத்துப் படிச்சிக்கிறேன்.”

இப்படி ஒரு வாய்ப்பை யாராவது விடுவார்களா? என் கையில் ஒரு வாழ்க்கை இருந்தது, அவள் கையில் ஆறு நாள் இருந்தது. தினம் ஒரு பகுதி, கடைசியில் ஒரு பாதுகாப்புக் கருத்து. மத்தியானம் உட்கார்ந்தவள் பொழுது சாய்வதற்குள் முதல் நாளுக்கான மூன்று பக்கத்தை எழுதிக் கொடுத்துவிட்டேன். பள்ளியில் பேச்சுப் போட்டிக்கு எழுதின கை. ‘அலைகடல் நடுவே அவதரித்த அறிவுச்சுடர்’ என்று ஆரம்பித்திருந்தேன்.

திங்கட்கிழமை காலை அண்ணி அந்தத் தாளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு படித்தாள். அறிவுச்சுடர் வரைக்கும் அமைதி. ‘தீவுக்கூட்டத்தின் திருவிளக்கே’ என்ற இடத்தில் பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது.

“யாருக்கா தலைவரு? கட்அவுட்டு எங்க வெக்கணும்?”

“மாலத்தீவு மந்திரிக்கு ஜே!” என்றது இன்னொரு குரல்.

நாற்பது பேரும் சிரித்தார்கள். சூப்பர்வைசர்கூட வேறு பக்கம் திரும்பிச் சிரித்தார். அண்ணி மூன்றாவது பக்கத்துக்குப் போகவேயில்லை. தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, “ஹெல்மெட்டு போடுங்க” என்று சொல்லி முடித்தாள். அன்று முழுக்க யார் எதிரே வந்தாலும் அவளுக்கு, “வணக்கம் மந்திரி.”

மாலை பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். பெரியபாளையம் ரோடு திரும்பும்போது நானே ஆரம்பித்தேன்.

“நல்லாத்தான அண்ணி எழுதிருந்தேன்.”

“உனுக்கு நல்லாத்தான் இருக்கும். நீ தூணுக்குப் பின்னால நின்னுகினு இருந்த. நான் நாப்பது பேரு மூஞ்சிய பாத்துகினு நின்னேன்.”

“வேற எழுதித் தரட்டுமா? ஹெல்மெட்டு பத்தியே?”

“இரு.” ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே கேட்டாள். “அந்த ஆளு நெசமாவே கீறானா? இல்ல நீ உட்ட கதையா?”

“இருந்தவருதான். நெஜம்.”

“அப்பிடின்னா ஊட்டுக்குப் போயி சொல்லு. பேப்பரு வேணாம். வாயால சொல்லு.”

அன்று மாலை அவள் கீரை ஆய்ந்துகொண்டிருக்க நான் எதிரே உட்கார்ந்து அவர் வாழ்க்கையைச் சொன்னேன். நானே பெரிய ரசிகை என்று நினைத்துக்கொண்டிருந்தவளுக்கு அன்றுதான் தெரிந்தது, எனக்கு எதுவுமே தெரியாது. அண்ணி கேட்ட கேள்விகள் அப்படி.

“சுத்தி கடலுன்ற. குடிக்கத் தண்ணிக்கு இன்னா பண்ணாங்க?”

அதற்குத் தேடிப் பார்த்துச் சொன்னேன். மழை நீரைப் பிடித்துச் சேர்த்து வைத்துக் குடிப்பார்கள், இன்றைக்கும் பல தீவுகளில் வீட்டுக்கு வீடு தொட்டி உண்டு. அண்ணி கீரைக்கட்டைக் கீழே வைத்தாள்.

“நம்ம தொட்டியா?”

“நம்ம தொட்டியும்தான்.”

“இத்த ஏன்டி மொதல்ல எழுதல? அறிவுச்சுடரு அறிவுச்சுடருன்னு…” தலையில் அடித்துக்கொண்டாள். “சரி. தீவுக்கு அனுப்சாங்கன்னியே, சோறு யாரு போட்டாங்க? பொண்டாட்டி கூடப் போனாங்களா? எழுதறதுக்குப் பேப்பரு கெடச்சுதா அங்க?”

“தெரியல அண்ணி. அதுல போடல.”

“தெரியலன்னா தெரியலன்னு சொல்லிடலாம். அதுல ஒண்ணும் தப்பில்ல.”

செவ்வாய்க்கிழமை அவள் வெறுங்கையோடு போய் நின்றாள். பின்வரிசை வாயைத் திறப்பதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டாள்.

“ஆமாபா, மாலத்தீவு மந்திரிதான் வந்துகீறேன். ஒக்காருங்கன்னு சொல்ல முடியாது, நின்னுகினே கேளுங்க. ஒரு ஊரு கீது. சுத்தி பூரா தண்ணி. ஆனா ஒரு வாயி குடிக்க முடியாது, உப்பு. மழ பேஞ்சாத்தான் தண்ணி. அந்தத் தண்ணிய எதுல ஊத்தி வெக்கிறாங்க தெரியுமா? நேத்து நீயும் நானும் அச்சுலருந்து எடுத்தமே, அதுல.”

அவ்வளவுதான். நாற்பது பேரும் திரும்பி, அடுக்கி வைத்திருந்த தொட்டிகளைப் பார்த்தார்கள். பிறகு அந்த ஊரில் ஒருவர் பிறந்தார், படித்தார், பாட்டுக் கட்டினார் என்று போனது பேச்சு. கடைசியில், பிளாஸ்டிக்கை உருக்கும் அடுப்புப் பக்கம் வேலை செய்கிறவர்கள் மணிக்கொரு தடவை தண்ணீர் குடிக்க வேண்டும், அதுதான் இன்றைய பாதுகாப்பு. தாளில் தலைப்பு என்ற கட்டத்தில் ‘தண்ணீர்’ என்று எழுதினாள். லைனில் இருந்த ஒடிசாக்காரர்களுக்காக நடுநடுவே தனக்குத் தெரிந்த இந்தியில் நாலு வார்த்தை போட்டாள். இலக்கணம் எந்தப் பக்கம் போனது என்று எனக்குத் தெரியாது, அவர்கள் தலையாட்டினார்கள்.

புதன்கிழமை எழுத்தைப் பற்றிச் சொன்னாள். எனக்கு அந்த மனிதரிடம் மிகவும் பிடித்த விஷயம் அவர் எழுதிய எழுத்துதான். அவர்களுடைய எழுத்துகளில் பல, எண்களின் வடிவத்திலிருந்து வந்தவையாம். நாள் முழுக்க எண் எழுதுகிற எனக்கு இதைப் படித்தபோது உடம்பு சிலிர்த்தது. செவ்வாய் மாலை அண்ணியிடம் சொன்னபோது அவளுக்குச் சிலிர்க்கவில்லை.

“அப்ப நீ எழுதுற ரீடிங்க அங்க எவனாச்சும் படிச்சா பாட்டா வருமா?”

ஆனால் மறுநாள் மஞ்சள் கோட்டுக்குள் நின்றுகொண்டு இதையே திருப்பிப் போட்டாள். “அவங்க ஊர்ல எண்ணுதான் எழுத்தாச்சாம். நம்ம அடுப்புலயும் ஒரு மீட்டரு கீது, எண்ணு காட்டிகினே கீது. அத்த எத்தினி பேரு படிக்கிறீங்க? இல்ல பொம்ம மாதிரி பாத்துட்டுப் போறீங்களா?” அடுப்பு ஆபரேட்டர் ஒருவர், “நான் படிக்கிறேன்க்கா” என்றார், பள்ளிக்கூடத்தில் சொல்வதுபோல. “இன்னா காட்டுது இப்ப?” என்று அண்ணி உடனே கேட்க, அவர் எட்டிப் பார்க்க, எல்லோரும் சிரித்தார்கள். இந்தத் தடவை யாரும் மந்திரியைப் பார்த்துச் சிரிக்கவில்லை.

வியாழக்கிழமை ஏழு மணிக்கு ஐந்து நிமிடம் முன்பே எல்லோரும் கோட்டுக்குள் வந்துவிட்டார்கள். பதவி போய்த் தீவுக்கு அனுப்பப்படும் இடம் அன்றைக்கு. அண்ணி அதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே பின்வரிசைக் குரல் கேட்டது.

“நம்ம அந்தமான் மாதிரியாக்கா?”

இதற்கு எங்கள் ஆட்களுக்கு விளக்கம் தேவையில்லை. உங்களுக்குச் சொல்கிறேன். தொழிற்சாலையின் கடைசியில், மதில் ஓரமாக, தொட்டிகளை அடுக்கி லாரியில் ஏற்றுகிற யார்டு இருக்கிறது. கூரை கிடையாது. கேண்டீன் தூரம். அங்கே வேலைக்குப் போடுவதற்குப் பெயர்தான் எங்கள் ஊழியர் மொழியில் அந்தமான். மேலே இருக்கிறவர்களுக்குப் பிடிக்காத காரியம் செய்தவர்கள்தான் அங்கே போவார்கள். உத்தரவில் அப்படி எழுதியிருக்காது. ‘ஆள் தேவைக்கேற்ப’ என்று இருக்கும். கொஞ்ச நாள் முன்பு ஒருவர் ‘நியர் மிஸ்’ அட்டை எழுதிப் போட்டார். அடிபட இருந்து தப்பித்த விஷயம் எதுவானாலும் அந்த மஞ்சள் அட்டையில் எழுதிச் சுவரில் இருக்கும் பெட்டியில் போட வேண்டும் என்பது கம்பெனி விதி. போட்டார். அடுத்த வாரம் அந்தமான். அதிலிருந்து பெட்டிக்குள் சிலந்தி மட்டும்தான் குடியிருந்தது.

எல்லோரும் சிரித்தார்கள். சூப்பர்வைசர் சிரிக்கவில்லை. அண்ணியும் சிரிக்கவில்லை. “அந்தத் தீவுல அவரு எழுதினாராம். அவ்ளோதான் எனக்குத் தெரியும்” என்று சொல்லி முடித்தாள்.

அன்று சாப்பாட்டுக்குப் பிறகு அது நடந்தது.

அச்சுகளைத் தாங்கிச் சுழற்றும் பெரிய இரும்புக் கை ஒன்று உண்டு. அதைச் சுற்றிக் கம்பி வேலி. வேலிக் கதவைத் திறந்தால் கை நின்றுவிட வேண்டும். அதற்காகக் கதவில் ஒரு சின்ன சுவிட்ச் இருக்கிறது. ஒவ்வொரு தடவையும் நின்று நின்று கிளம்பினால் தொட்டி எண்ணிக்கை குறைகிறது என்று, யாரோ அந்த சுவிட்சைக் கம்பி வைத்துக் கட்டியிருந்தார்கள். கதவு திறந்தாலும் மூடியிருப்பதாகவே மெஷின் நினைத்துக்கொள்ளும். உள்ளே விழுந்த, அச்சை இறுக்கும் கிளாம்பு ஒன்றை எடுக்க ஒடிசாக்காரர் ஒருவர் குனிந்தார். இரும்புக் கை நகர ஆரம்பித்தது. அண்ணி பக்கத்தில் இருந்தாள். அவர் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தாள். இரண்டு பேரும் மல்லாந்து விழுந்தார்கள். இரும்பு அவர் ஹெல்மெட்டைத் தட்டி உருட்டிக்கொண்டு போனது.

ஹெல்மெட் பேச்சுக்கும் ஒரு பயன் இருந்தது என்று பிறகு சிரித்தோம். அப்போது யாரும் சிரிக்கவில்லை. அவர் எழுந்து நின்று, கிழிந்த காலரைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

சூப்பர்வைசர் ஓடிவந்தார். கெட்டவர் இல்லை. அந்த மனிதரை உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, கையைத் தடவிக் கொடுத்தார். பிறகு அண்ணியை ஓரமாக அழைத்தார். நான் தொட்டி ஒன்றின் பின்னால் ரீடிங் எடுத்துக்கொண்டிருந்தேன். காதில் விழுந்தது.

“எம்மா, அடி ஒண்ணும் படல. கார்டு கீர்டு போட்டு பேஜாரு பண்ணிக்காத. இன்னும் ரெண்டு நாளு. லீடராயிட்டின்னா நீயே அந்தக் கம்பிய அவுத்துடு, யாரு கேக்கப்போறா?”

நியாயமாகத்தான் பட்டது எனக்கு. மாலை பஸ்ஸில் நானும் அதையே சொன்னேன். ரெண்டு நாள்தானே அண்ணி, சனிக்கிழமை போகட்டும், திங்கட்கிழமை போடு, நீல வார் வந்தப்புறம் உன்னை யாரும் அசைக்க முடியாது. என் பேச்சு எனக்கே அழகாக இருந்தது.

அண்ணி என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

“அப்ப அந்த மனுசன் கதய எனக்கு இன்னாத்துக்குடி சொன்ன? தொட்டி மேல ஒட்ற ஸ்டிக்கரா அது?”

நான் வாயை மூடிக்கொண்டேன். எனக்கு அது அபூர்வம்.

“ரெண்டு நாள்ல அந்தக் கதவ எத்தினி வாட்டி தொறப்பாங்க, சொல்லு. நீதான கணக்கெல்லாம் எழுதுறவ.” பிறகு வேறு குரலில் கேட்டாள். “நீ எல்லா எடமும் மீட்டர எடுத்துகினு சுத்துறியே. அந்தக் கம்பிய இதுக்கு முன்னால பாத்ததில்லயா?”

“இல்ல” என்றேன்.

பார்த்திருந்தேன். பத்து நாள் முன்பு. கம்பி கட்டியிருக்கிறதே என்று நினைத்தேன், என் வேலை தடிமன் பார்ப்பது என்று நினைத்தேன், அதற்கடுத்த தொட்டிக்குப் போய்விட்டேன். அந்த வாரம்தான் நான் அந்த மனிதரின் தீவு வாழ்க்கையைப் பத்தாவது தடவையாகப் படித்துக்கொண்டிருந்தது.

வெள்ளிக்கிழமை அண்ணி முதலில் பெட்டியிடம் போனாள். மஞ்சள் அட்டையை எல்லோரும் பார்க்கத் தூக்கிப் பிடித்து, உள்ளே போட்டாள். பிறகு கோட்டுக்குள் வந்து நின்றாள்.

“நேத்து நடந்தத எல்லாரும் பாத்தீங்க. சுவிச்சுல கம்பி கட்டிக்கீது. எழுதிப் போட்டுட்டேன், எம் பேரு போட்டுத்தான். யாரு கட்டுனதுன்னு நான் எழுதல. அது எனக்குத் தெரியாது. தெரியாதத எழுதக்கூடாது. இன்னிக்கு மந்திரி கத கெடையாது. கையெழுத்துப் போட்டுட்டுப் போங்க.”

தலைப்புக் கட்டத்தில் ‘கம்பி’ என்று எழுதினாள். நாற்பது பேரில் முதலில் கையெழுத்துப் போட்டவர் காலர் கிழிந்த ஒடிசாக்காரர்.

மூன்று மணிக்கு உத்தரவு வந்துவிட்டது. ஆள் தேவைக்கேற்ப, சனிக்கிழமையிலிருந்து யார்டு.

ஆறாவது நாள் டூல்பாக்ஸ் லைனில் நடந்தால்தான் கணக்கு. லைனில் அன்று சூப்பர்வைசரே பேசினார். ஹெல்மெட். நான் கையெழுத்துப் போட்டுவிட்டு, மாலே போகிற சரக்குக்குக் கடைசிச் சோதனை இருக்கிறது என்று யார்டுக்கு நடந்தேன். உண்மையிலேயே இருந்தது. ஆனால் அதற்கு ஏழேகாலுக்கே போக வேண்டியதில்லை.

அங்கே எட்டுப் பேர் வட்டமாக நின்றிருந்தார்கள். யார்டில் அதுவரை டூல்பாக்ஸ் நடந்ததே இல்லை. மஞ்சள் கோடும் இல்லை. அண்ணி தரையில் செங்கல் துண்டால் ஒரு கோடு கிழித்திருந்தாள்.

“அப்புறம் அந்தத் தீவுலருந்து திரும்பி வந்தாரு” என்று சொல்லிக்கொண்டிருந்தாள். “மறுபடி பதவி குடுத்தாங்க. குடுக்காம இருந்தாலும் எழுதிகினுதான் இருந்திருப்பாருன்னு என் நாத்தனா சொல்றா. அது எனக்குத் தெரியாது.”

“ஏங்க்கா, தீவுல அவருக்கு டப்பு கிப்பு, காசு கீசு ஏதாவது குடுத்தாங்களா?” என்று கேட்டார் சத்தியவேடு பக்கத்திலிருந்து வருகிற லோடர்.

“உனக்கு இங்க இன்னா குடுக்கிறாங்க? வெயிலு. அதான் அவருக்கும்.” எல்லோரும் சிரித்தார்கள். முன்பு அட்டை எழுதிப் போட்டு இங்கே வந்தவர்தான் அதிகம் சிரித்தது. “சரி, விசயத்துக்கு வா. லாரி நிக்கும்போது சக்கரத்துக்குக் கட்ட வெக்கிறீங்களா?”

“வெக்கிறதில்லக்கா.”

“காத்தடிச்சா மேலடுக்குத் தொட்டி உருளுதா?”

“உருளும். போன மாசம் ஒண்ணு ரோடு வரிக்கும் போச்சி. நாங்க பின்னாலயே ஓடினோம்.”

“அப்ப கயிறு எங்க?”

கயிறு இல்லை. கேட்டதும் இல்லை. அண்ணி ஒரு வெள்ளைத் தாளில் ‘கட்டை, கயிறு’ என்று தலைப்பு எழுதி, அடியில் எட்டுக் கட்டம் போட்டுக் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தாள். அப்போதுதான் பிளாண்ட் மேனேஜர் வந்தார். மாலே கண்டெய்னரைப் பார்க்க வந்தவர். செங்கல் கோட்டைப் பார்த்தார், தாளைப் பார்த்தார்.

“இங்க டூல்பாக்ஸ் எப்ப ஆரம்பிச்சீங்க?”

“இன்னிக்குத்தான் சார்.”

“யார் சொன்னது?”

“யாராச்சும் சொல்லணுமா சார்? இங்கயும் ஆளுங்கதான வேல செய்றாங்க.”

அவர் போனை எடுத்தார். தாளை ஒரு போட்டோ எடுத்துக்கொண்டார். பிறகு என் பக்கம் திரும்பி, “ரீடிங் ஆச்சா?” என்றார். “ஆகிட்டிருக்கு சார்” என்றேன், கருவியை இன்னும் ஆன் செய்யாமலே.

திங்கட்கிழமை வேலிக் கதவில் கம்பி இல்லை. புது சுவிட்ச் போட்டிருந்தார்கள். கதவைத் திறந்தால் கை நின்றது. புதன்கிழமை நோட்டீஸ் போர்டில் இரண்டு வரி வந்தது. லைன் லீடராக, ஹெல்மெட்டைப் பற்றிப் பேசிய அந்த இன்னொருவர். அதற்குக் கீழே, இதுவரை இல்லாத ஒரு பதவி: யார்டுக்கு ஒரு லீடர். அண்ணி.

அது தண்டனையா பரிசா என்று கேண்டீனில் ஒரு நாள் முழுக்க விவாதம் நடந்தது. கூரையில்லாத இடத்துக்கு ஒரு லீடரா என்றார்கள் சிலர். எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. அண்ணிக்கு இல்லை. நீல வாரை வாங்கிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு முதல் வேலையாக ஸ்டோருக்குப் போய்க் கயிறு கேட்டு நின்றாள். கயிறு வந்தது. அடுத்த வாரம் கட்டை வந்தது. கூரைக்குத் தினமும் கேட்டுக்கொண்டிருக்கிறாள், அதுவும் வரும்.

“இன்னா மந்திரி, அந்தமான் எப்டி கீது?” என்று லைனிலிருந்து கேட்டால் அவளிடம் பதில் தயாராக இருக்கும்: “வந்து பாரு. ஆனா வரும்போது ஹெல்மெட்டு போட்டுகினு வா.”

நீல வார் வந்த அன்று மாலை, துவைக்கிற கல்லில் அவள் இரண்டு வார்களையும் சேர்த்து வைத்துக் கசக்கிக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்து சொல்லிவிட்டேன்.

“அண்ணி, அந்தக் கம்பிய நான் முன்னாலயே பாத்தேன். அது நடக்கிறதுக்குப் பத்து நாளு முன்னாடி.”

அவள் கை நிற்கவில்லை. “தெரியும்” என்றாள்.

“எப்டி?”

“இல்லன்னு சொன்னப்ப நீ ஒரே ஒரு வார்த்தைல நிறுத்திட்ட. நீ எப்ப ஒரு வார்த்தைல நிறுத்துன?” வாரைப் பிழிந்து உதறினாள். துளிகள் என் மேல் தெறித்தன. “எங்கிட்ட சொல்லி இன்னா ஆவப்போது? நான் இன்னா பொட்டியா?”

மறுநாள் காலை டூல்பாக்ஸ் முடிந்ததும் பெட்டிக்குப் பக்கத்தில் இருந்த அட்டைக் கட்டிலிருந்து ஒன்றை உருவினேன். அலைகடல், அறிவுச்சுடர் எதுவும் இல்லை. சுவிட்சில் கம்பி கட்டியிருந்ததை இன்ன நாளில் பார்த்தேன், யாரிடமும் சொல்லவில்லை, சொல்லியிருந்தால் வியாழக்கிழமை நடந்தது நடந்திருக்காது. மூன்றே வரி. கீழே பெயர். என் வாழ்க்கையில் நான் எழுதியதிலேயே சின்னது அதுதான், எழுத அதிக நேரம் பிடித்ததும் அதுதான்.

சூப்பர்வைசர் தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பார்க்கட்டும் என்றுதான் நிதானமாகப் போட்டேன். உள்ளே அட்டைமேல் அட்டை விழுகிற சத்தம் கேட்டது. அண்ணியுடையதை அன்றைக்கே எடுத்துவிட்டார்கள்; இது வேறு யாரோ எனக்கு முன்பே போட்டது.

ஆள் தேவைக்கேற்ப என்னையும் யார்டுக்கு அனுப்பினால் அனுப்பட்டும். அங்கே கயிறு இருக்கிறது, கட்டை இருக்கிறது, தலைமை தாங்க என் அண்ணி இருக்கிறாள். கருவியை எடுத்துக்கொண்டு அடுத்த தொட்டிக்குப் போனேன். பன்னிரண்டு இடம். முதல் எண் சரியாக வந்தது, எழுதினேன்.